நீண்ட பதிவுக்குள் ஒரு தொடரைத் தேடும்போது செய்யக்கூடாதவை

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பெரியவர்கள் சொன்ன கதைகளைத் தட்டச்சு செய்து, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேர்த்து வருகிறோம். வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் இடத்தை ஒருவர் ‘பிரட்டுக்களம்’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் ‘பெரட்டுக் களம்’ என்று. லயத்துக் காம்பரா, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் அறை, சிலர் கையில் காம்பிரா ஆகிவிடும். எதுவும் பிழையில்லை, மக்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும் லைக் தேடல் இவற்றில் பாதியை விட்டுவிடும். அதனால்தான், ஓரளவு ஒத்திருப்பதையும் தேடித் தரும் பிஜி_டிஆர்ஜிஎம் (pg_trgm) என்ற போஸ்ட்கிரெஸ் நீட்சி தேவைப்படுகிறது.

இதில் பலரும் செய்யும் முதல் தவறு, தேடும் தொடரை முழுப் பதிவோடு ஒப்பிடுவது. இந்த நீட்சி எழுத்துகளை மும்மூன்றாக நறுக்குகிறது. இரண்டும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று கணக்கிடும் சிமிலாரிட்டி (similarity) சார்பு, பொதுவான துண்டுகளின் எண்ணிக்கையை இரண்டிலும் உள்ள வெவ்வேறு துண்டுகளின் மொத்தத்தால் வகுக்கும். தொடரில் 15 துண்டுகள், நான்கு பக்கப் பதிவில் 1500 துண்டுகள் என்று வைப்போம். அந்த 15-உம் அப்படியே பதிவில் இருந்தாலும் விடை 0.01தான். பொருந்துகிறது என்று ஏற்பதற்கான இயல்பு வரம்போ 0.3. தேடல் வெறுங்கையோடு திரும்பிவிடும். சரி, வரம்பை இறக்கிவிடலாம் என்று போனால் சம்பந்தமில்லாத பதிவெல்லாம் வந்து கொட்டும்.

இதற்கென்றே போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில் வந்தது வேர்ட் சிமிலாரிட்டி (word_similarity) சார்பு. பதிவுக்குள் தொடருக்கு மிக நெருக்கமான பகுதியை மட்டும் எடுத்து ஒப்பிடும், இயல்பு வரம்பு 0.6. தொடரை முதலிலும் பதிவை அடுத்தும் கொடுங்கள், இடம் மாறினால் விடையும் மாறும். 11ஆம் பதிப்பில் வந்த ஸ்ட்ரிக்ட் வகை சொல்லின் எல்லையையும் பார்க்கும். தமிழுக்கு அதை நான் எடுப்பதில்லை. ‘கங்காணி’ என்று தேடுவோம், பதிவில் ‘கங்காணியிடமிருந்து’ என்று இருக்கும். ஒட்டிக்கொண்ட உருபு மதிப்பெண்ணைக் கீழே இழுத்துவிடும். எப்படியானாலும், பதிவைப் பத்திபத்தியாகப் பிரித்து வைத்தால், கிடைத்த இடத்தை உடனே காட்டவும் முடியும்.

வேகத்துக்காக ஜின் (GIN) வகை இன்டெக்ஸ் போட்டுவிட்டு, வினவலின் WHERE பகுதியில் சார்பை எழுதி ‘0.6-க்கு மேல்’ என்று கேட்பவர்களும் உண்டு. அப்படிக் கேட்டால் இன்டெக்ஸ் பயன்படாது. <% குறியால் கேட்க வேண்டும். ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்துத் திருத்தம் வேண்டும் என்று எண்ணும் லெவன்ஸ்டைன் சார்பை நீண்ட பதிவுக்குக் கொண்டுவரவே வேண்டாம், அதற்கு 255 எழுத்துதான் எல்லை.

அப்புறம், கண்ணுக்குத் தெரியாத ஒன்று. ‘கொழுந்து’ என்பதில் உள்ள ‘கொ’வை ஒரே உயிர்க்குறியாலும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், தரவுத்தளத்துக்கு வேறு வேறு. இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும், 13ஆம் பதிப்பிலிருந்து உள்ள நார்மலைஸ் (normalize) சார்பைப் பதிவுக்கும் தேடும் தொடருக்கும் சேர்த்தே போடுங்கள். ஆனால் ‘ஸ்ரீ பாதம்’ அதற்கும் அகப்படாது. அந்த ‘ஸ்ரீ’யின் முதல் மெய்யை யுனிகோடில் சிலர் ‘ஸ’வாகவும் சிலர் ‘ஶ’வாகவும் எழுதுகிறார்கள், நார்மலைஸ் அவற்றை ஒன்றாக்குவதில்லை. பதிவைச் சேர்க்கும்போதே ரிப்ளேஸ் போட்டு ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.