தட்டை மீனுக்கு எத்தனை கிலோ? பிடிப்பு ஒதுக்கீட்டு விதியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுதல்

இராமநாதபுரம் கரையில் மீன்பிடி விதி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது நாள் கணக்குதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பாக் விரிகுடாவில் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்கள் விசைப்படகுக்கு, மீதி நான்கு நாள்கள் நாட்டுப்படகுக்கு. அதற்கு அடுத்தபடியாகத் தூரத்தையும் வலையின் கண்ணி அளவையும் சொல்வோம். ஆனால், ‘இந்த மீனில் இந்த ஆண்டு இத்தனை கிலோதான் கரைக்கு வரலாம்’ என்று எடையை வரம்பாக வைக்கும் விதி நமக்குப் பழக்கமில்லை. அப்படிப்பட்ட விதியை எப்படிப் படிப்பது, அதில் எந்த எண் எதிலிருந்து வருகிறது, நம் கரையில் நின்று அதை எப்படி எடைபோடுவது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்தப் பதிவின் நோக்கம். மீன்வளப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களையும், ஏலக் கூடத்தில் கணக்கு எழுதத் தொடங்கியவர்களையும், படகு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பிடிபடும் சம்மர் ஃப்ளவுண்டர் என்ற தட்டை மீனை எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு மீனுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக எடைக் கணக்கு வைத்து, அந்தக் கணக்கு மாறும்போதெல்லாம் விதியையும் மாற்றி வந்திருப்பதால், கற்பதற்கு இது நல்ல பாடம். கையில் ஒரு நோட்டு, ஓர் அளவு நாடா, கூட்டிக் கழிக்க ஒரு கைப்பேசி இருந்தால் போதும்.

படி 1: மீனைச் சரியாக அடையாளம் காணுங்கள்

விதி ஓர் இனத்துக்குத்தான் எழுதப்படுகிறது. ஆகவே இனத்தில் தவறினால் மற்ற எல்லாம் தவறிவிடும். தட்டை மீன்கள் குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலவே இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணுடன் நீந்துகின்றன. வளரும்போது ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கம் வந்துவிட, கண்ணில்லாத பக்கம் தரையோடு படியும் வெளுத்த அடிப்பக்கமாகிறது. சம்மர் ஃப்ளவுண்டருக்கு இரு கண்களும் இடப்பக்கம் இருக்கும். நம் நாக்கு மீன்களில் பெரும்பாலானவற்றுக்கும் கண்கள் இடப்பக்கமே. எருமை நாக்கு ஒரு விலக்கு: அதில் சில மீனுக்குக் கண்கள் இடப்பக்கமும் சில மீனுக்கு வலப்பக்கமும் இருப்பதைக் கூடையிலேயே பார்க்கலாம். பெரிய வாயையும் பற்களையும் கொண்டும் அதைப் பிரித்தறியலாம். அதன் அறிவியல் பெயரான ‘செட்டோடஸ் எருமெய்’ என்பதில் இருப்பது நம் எருமைதான். தரங்கம்பாடியிலிருந்து சென்ற மீனைக் கொண்டு 1801இல் வெளியான நூலில் அந்தப் பெயர் பதிவானது.

படி 2: எந்தக் கடல், யாருடைய அதிகாரம் என்று பாருங்கள்

நம் நாட்டில் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநில அரசின் பொறுப்பு, அதற்கு அப்பால் மத்திய அரசின் பொறுப்பு. தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் அடிப்படையானது. அமெரிக்க அட்லாண்டிக் கரையிலோ மாநிலத்தின் எல்லை 3 கடல் மைலோடு முடிகிறது. இந்த மீன் குளிர்காலத்தில் ஆழ்கடலுக்கும் கோடையில் கரையோரத்துக்கும் இடம் மாறுவதால், மாநிலங்கள் கூடிய ஓர் ஆணையமும் மத்திய அமைப்பின் கீழுள்ள ஒரு மேலாண்மைக் குழுவும் சேர்ந்து முடிவெடுக்கின்றன.

படி 3: மொத்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்

ஒதுக்கீட்டு அறிவிப்பில் கண்ணில் முதலில் படுவது கடைசி எண்தான். அதை அப்படியே நம்பாமல் மேலே ஏறிப் பாருங்கள். முதலில் கடலில் இந்த மீன் எவ்வளவு இருக்கிறது என்று அறிவியலாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அதிலிருந்து, மீன்வளம் குன்றாமல் எவ்வளவு எடுக்கலாம் என்ற பிடிப்பு அளவு வருகிறது. அதை விற்பனைக்குப் பிடிப்பவர்களுக்கும் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுபவர்களுக்கும் பிரிக்கிறார்கள். விற்பனைப் பங்கிலிருந்து, கடலில் திருப்பி வீசப்பட்டுச் சாகும் மீனின் எடையைக் கழிக்கிறார்கள். மிஞ்சுவதுதான் கரைக்குக் கொண்டுவரக்கூடிய ஒதுக்கீடு. இந்த ஐந்து நிலைகளையும் நோட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

திருப்பி வீசுவதைக் கழிக்கும் அந்த நான்காம் நிலையில் சற்று நில்லுங்கள். இழுவை மடியில் ஏறி, சிறியது என்பதால் கடலில் விடப்படும் மீனில் 80 சதவீதம் செத்துவிடும் என்றும், தூண்டிலில் பிடித்து விடப்படும் மீனில் 10 சதவீதம்தான் சாகும் என்றும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். மடிக்குள் மற்ற மீன்களோடு நசுங்கி மேலே வரும் மீனைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் வியப்பாக இராது.

அடுத்து, எண் ஏன் மாறுகிறது என்று பாருங்கள். 2017இல் விற்பனைப் படகுகளுக்கான ஒதுக்கீடு 56.6 இலட்சம் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 25.7 இலட்சம் கிலோ. 2019இல் அது சுமார் 1 கோடியே 10 இலட்சம் பவுண்டுக்கு உயர்ந்தது. இரண்டே ஆண்டில் கடலில் மீன் இரட்டிப்பாகிவிடவில்லை. தூண்டில்காரர்களின் பிடிப்பைத் தொலைபேசியில் கேட்டுக் கணக்கெடுத்த பழைய முறையை விட்டு அஞ்சல் வழியாகக் கேட்கத் தொடங்கியபோது, அவர்கள் முன்பு நினைத்ததைவிட மிக அதிகமாகப் பிடித்து வந்திருப்பது தெரிந்தது. அவ்வளவு பிடித்தும் மீன் இருக்கிறதென்றால் கடலில் இருப்பு முன்பு மதிப்பிட்டதைவிட அதிகமாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். எண்ணும் முறை மாறியதால் மதிப்பீடு மாறியது. மதிப்பீடு மாறியதால் வரம்பும் மாறியது. அதன் தொடர்ச்சியாக, 1993 முதல் 60க்கு 40 என்றிருந்த பங்கீடு 2023 முதல் விற்பனைக்கு 55, பொழுதுபோக்குக்கு 45 சதவீதம் என்றானது.

படி 4: பங்கைக் கணக்கிட்டுப் பாருங்கள்

விற்பனை ஒதுக்கீடு மாநிலவாரியாகப் பிரிக்கப்படுகிறது. 1980 முதல் 1989 வரை எந்த மாநிலத்தில் எவ்வளவு இறங்கியது என்பதே பழைய பங்கின் அடிப்படை: வட கரோலைனாவுக்கு 27.4 சதவீதம், வர்ஜீனியாவுக்கு 21.3, நியூ ஜெர்சிக்கு 16.7, ரோட் ஐலண்டுக்கு 15.7 என்று அது இறங்கிக்கொண்டே போகும். 2021 முதல் ஒரு திருத்தம் வந்தது. மொத்தம் 95.5 இலட்சம் பவுண்டு வரை பழைய சதவீதமே பொருந்தும். அதற்கு மேல் வரும் உபரியை எட்டு மாநிலங்கள் ஆளுக்கு 12.375 சதவீதமாகவும், மீதி 1 சதவீதத்தை மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர் ஆகிய மூன்றும் பகிர்ந்தும் கொள்ளும்.

ஓர் ஆண்டின் ஒதுக்கீடு சரியாக 1 கோடி பவுண்டு என்று வைத்துக்கொண்டு வட கரோலைனாவின் பங்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் 95.5 இலட்சத்தில் 27.4 சதவீதம் என்பது ஏறத்தாழ 26 இலட்சத்து 17 ஆயிரம். உபரியான 4.5 இலட்சத்தில் 12.375 சதவீதம் என்பது சுமார் 55,700. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 26 இலட்சத்து 72 ஆயிரம் பவுண்டு. இதை 0.4536ஆல் பெருக்கினால் கிலோவில் கிடைக்கும். வாசிப்பதோடு விடாமல் நியூ ஜெர்சிக்கும் இதேபோல் நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு முறை கையால் போட்ட கணக்கு மறக்காது.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பழைய இறக்கத்தை வைத்துப் பங்கு கொடுப்பது, அன்று எழுதி வைத்தவனுக்கு இன்று பலன் கொடுப்பதாகும். கணக்கில் ஏறாமல் மீன் விற்றவனுக்கு அதில் இடமில்லை. நாட்டுப்படகிலும் கரைவலையிலும் பிடித்து ஊருக்குள்ளேயே விற்றுவிடும் நம் கிராமங்களை நினைத்தால், இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும்.

படி 5: மீன் எந்தக் கரையில் எடை போடப்படுகிறது என்று கேளுங்கள்

ஒதுக்கீடு கழிவது மீன் பிடிபட்ட இடத்தின் கணக்கில் அல்ல, இறக்கிய மாநிலத்தின் கணக்கில். கடல் வெப்பமடையும் காலத்தில் இந்த மீன் வடக்கே நகர்ந்திருக்கிறது. வட கரோலைனாவின் பெரிய படகுகள் நியூ ஜெர்சிக்கு அப்பால்கூடப் போய்ப் பிடித்துவிட்டு, சொந்த மாநிலப் பங்கில் இறக்குவதற்காக அவ்வளவு தூரம் திரும்பி வருகின்றன. வழியில் பழுதானால், மாநிலங்கள் தமக்குள் ஒதுக்கீட்டை மாற்றிக்கொண்டு அந்தப் படகை வேறு துறைமுகத்தில் இறக்க அனுமதிக்க விதியில் இடமுண்டு. இராமேசுவரத்துப் படகு இயந்திரக் கோளாறால் ஜெகதாப்பட்டினத்தில் இறக்க நேர்ந்தால் அந்த மீன் எந்த மாவட்டக் கணக்கில் சேரும் என்று யோசித்துப் பாருங்கள், கேள்வி ஒன்றுதான்.

இந்த எடையைத் தெரிந்துகொள்ள அங்கே இரண்டு பக்கமிருந்தும் தாள் வருகிறது. படகோட்டி பயணம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் மின்னணு முறையில் அறிக்கை தருகிறார். மீனை வாங்கிய வியாபாரி வாரந்தோறும் தனியாகத் தருகிறார். ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம். மாநிலத்தின் பங்கு தீர்ந்ததும் அங்கே இறக்கம் மூடப்படுகிறது. மீறி இறங்கியது அடுத்த ஆண்டுப் பங்கில் கழிக்கப்படுகிறது.

படி 6: நீளத்தையும் கண்ணியையும் அளந்து பாருங்கள்

எடை வரம்போடு இரண்டு துணை வரம்புகள் உண்டு. விற்பனைக்கு இறக்கும் மீன் 14 அங்குலத்துக்கு, அதாவது 35.5 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. நம் கையளவில் சொன்னால் ஒன்றரைச் சாணுக்குச் சற்று அதிகம். அளப்பதற்கு மீனைப் பலகையில் கண்ணுள்ள பக்கம் மேலே இருக்குமாறு படுக்க வைத்து, வாயை மூடி, மூக்கு நுனியைப் பலகையின் தடுப்பில் முட்டவிட்டு, வால் முடியும் இடத்தில் எண்ணைப் பாருங்கள். நாடாவை மீனின் மேலே வளைத்து அளந்தால் கூடுதலாகக் காட்டும். நாடா பலகையில் நேராகக் கிடக்க வேண்டும்.

கண்ணியைப் பொறுத்தவரை, இந்த மீனைக் குறிவைக்கும் இழுவை மடிக்கு 5.5 அங்குல வைரக் கண்ணி (சாய்சதுர வடிவக் கண்ணி) வேண்டும். அது ஏறத்தாழ 140 மில்லிமீட்டர். தமிழ்நாட்டில் மடியின் கடைப்பகுதிக்குரிய குறைந்தபட்ச அளவு 40 மில்லிமீட்டர். இதைப் பார்த்தவுடன் நம் விதி மோசம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நம் மடி இறாலுக்காகப் போடப்படுவது. 140 மில்லிமீட்டர் கண்ணி வைத்தால் ஓர் இறால்கூடத் தங்காது. ஒரே இழுப்பில் பல இனங்கள் ஏறும் கடலில், ஒரு மீனுக்கு ஏற்ற கண்ணி மற்றொன்றுக்கு ஏற்காது. அதனால்தான் நம்மிடம் நாளும் தூரமும் முக்கியமாகின்றன. விசைப்படகு 5 கடல் மைலுக்கு உள்ளே பிடிக்கக்கூடாது என்பதும் அந்த வகைதான். எனினும், நீள வரம்பு நம் பக்கத்துக் கடலுக்குப் புதிதன்று: கேரளத்தில் சிறிய நாக்கு மீனான மாந்தலுக்கு 9 சென்டிமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள்.

படி 7: உங்கள் இறங்குதளத்தில் ஒரு கூடையைப் பிரித்துப் பாருங்கள்

இதுவரை படித்ததைக் கையில் எடுத்துப் பார்க்கும் படி இது. நான் மிகவும் வற்புறுத்துவதும் இதைத்தான். மண்டபத்திலோ பாம்பனிலோ விசைப்படகு கரை சேரும் காலையில், மீன் தரம் பிரித்து முடிந்த பிறகு ஓரமாகக் குவிந்து கிடக்கும் சங்காயத்தைப் பாருங்கள். கோழித் தீவனத்துக்கும் மீன் தூளுக்கும் போகும் குவியல் அது. உரியவரிடம் கேட்டு ஒரு கூடையை எடுத்து, தரையில் தார்ப்பாய் விரித்துக் கொட்டி, இனம் இனமாகப் பிரியுங்கள். சிறு காரல், நண்டுக் குஞ்சு, உடைந்த சிப்பி ஆகியவற்றின் நடுவே, இலை போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரல் நீள நாக்கு மீன்கள் வரும். அவற்றைத் தண்ணீரில் அலசினால்தான் எந்தப் பக்கம் கண் என்பதே தெரியும்.

அமெரிக்கக் கணக்கில் இவை திருப்பி வீசப்பட்டவையாகக் கழிக்கப்பட்டிருக்கும். நம் கரையில் இவை வீசப்படுவதில்லை. இறங்குகின்றன, எடை போடப்படுகின்றன, விலையும் போகின்றன. ஆனால் ‘சங்காயம்’ என்ற ஒரே பெயரில். தன் பெயரில் எண்ணப்படாத மீனுக்கு வரம்பு எழுத முடியாது. எழுதினாலும் அது மீறப்பட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒதுக்கீடு நமக்கு வேண்டுமா வேண்டாமா என்று சங்கக் கூட்டத்தில் வாதிடுவதற்கு முன், எதை எண்ணுகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நோட்டில் ஒரு பக்கத்தை எட்டுப் பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: தேதி, இறங்குதளம், வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா), படகின் வகை, கூடையின் எடை, அதில் நாக்கு மீனின் எடை, எருமை நாக்கின் எடை, மிகச் சிறிய மற்றும் மிகப் பெரிய மீனின் நீளம். படகின் பெயரையும் உரிமையாளரின் பெயரையும் எழுதாதீர்கள். அவை இல்லாவிட்டால்தான் அடுத்த முறையும் கூடையைத் தருவார்கள். வடகடல் படகுகள் திங்கள், புதன், சனியில் போய் மறுநாள் காலை திரும்புவதால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் போங்கள். தடைக்காலம் முடிந்த முதல் இறக்கத்தில் கூட்டமும் மீனும் மிகுதியாக இருக்கும் என்பதால், அன்று ஒரு கூடைக்குப் பதில் மூன்று கூடைகளை வெவ்வேறு படகுகளிலிருந்து எடுத்துப் பிரித்து, மூன்றையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.