கிரான்-ஓர்னுவைப் பார்வையிடும் முறை

பெல்ஜியத்தின் மோன்ஸ் நகருக்கு அருகே, 1954-இல் மூடப்பட்ட கிரான்-ஓர்னு நிலக்கரிச் சுரங்க வளாகத்தில் 2002 முதல் சமகாலக் கலை அருங்காட்சியகம் இயங்குகிறது. திங்கட்கிழமை விடுமுறை. இரு கண்காட்சிகளுக்கு இடைப்பட்ட வாரங்களில் கூடங்கள் வெறுமையாக இருக்கக்கூடும் என்பதால், நிகழ்ச்சிநிரலைப் பார்த்த பின்னரே பயண நாளை முடிவு செய்யுங்கள்.

உள்ளே சென்றதும் கூடங்களுக்கு விரையாமல், முதலில் நீள்வட்ட முற்றத்தைச் சுற்றி நடந்து, சுரங்க அதிபர் ஆன்ரி தெ கோர்ஜுக்காகக் கட்டடக் கலைஞர் புரூனோ ரெனார் தொழிற்கூடங்களுக்கும் அரண்மனைக்குரிய வளைவுகளை ஏன் அமைத்தார் என்று எண்ணிப் பாருங்கள். முதலாளியின் பெருமிதமும் அதில் கலந்திருந்தது என்பதே என் கருத்து. அதன் பிறகு கலைப்படைப்புகளைக் கண்டால், செங்கற்சுவர்களுக்கும் அவற்றுக்கும் இடையிலான உரையாடல் தெளிவாகப் புலப்படும். அதே வளாகத்திலுள்ள வடிவமைப்பு மையத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

வெளியே வந்ததும் திரும்பிவிட வேண்டாம். வளாகத்தைச் சூழ்ந்துள்ள தொழிலாளர் குடியிருப்பில் சுமார் 450 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றில் இன்றும் மக்கள் வசிப்பதால், சன்னல்களை எட்டிப் பார்க்காமல் தெருவழியே நடந்து, 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இவ்வளாகத்தின் முழு அளவை உணருங்கள்.