மாகுலாச் சிதைவை வீட்டிலிருந்தபடி கவனிக்கும் முறை

முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவுக்கு அடியில் ட்ரூசன் எனும் மஞ்சள் நிறப் படிவுகள் சேரத் தொடங்கும்போது பார்வையில் பெரும்பாலும் மாற்றம் தெரியாது. ஆகையால், 50 வயதைக் கடந்தவர்கள் கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். ஒரு படிவின் அகலம் 125 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினால் அது மாகுலாச் சிதைவின் இடைநிலை. அப்போதிலிருந்து வீட்டுச் சோதனையைப் பழக்கமாக்க வேண்டும்.

படிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் புள்ளியுடன் சிறு கட்டங்கள் வரைந்த ஆம்ஸ்லர் கட்டத்தாளை ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் பிடித்து, அதன் நடுப்புள்ளியையே நோக்கியபடி கோடுகள் வளைகின்றனவா, எங்கேனும் மறைகின்றனவா என்று கவனித்தபின், மறு கண்ணுக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். இரு கண்களையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் பழுதை மறைத்துவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான். காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் வளவில் (உள்முற்றத்தில்) அமர்ந்திருக்கும் ஆச்சிமார் ஆத்தங்குடித் தரைக்கற்களின் இணைப்புக் கோடுகளையும் தேக்குத் தூண்களின் விளிம்புகளையும் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்; எனினும் அது கட்டத்தாளுக்கு மாற்றாகாது.

நேர்கோடு திடீரென நெளிந்தால், புதிதாய் முளைத்த இரத்தக்குழாய்கள் கசியும் ஈரவகையாக இருக்கக்கூடும். தாமதமின்றி விழித்திரை மருத்துவரிடம் சென்றால், விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் கசிவை உறுதிசெய்து, கண்ணுக்குள் செலுத்தும் ஊசிமருந்தால் அதைக் கட்டுப்படுத்த முயல்வார்கள். மாறாக, நடுப்பார்வை மாதக்கணக்கில் மெல்ல மங்கினால் விழித்திரைச் செல்கள் தேயும் உலர்வகை முற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். புகைப்பழக்கம் இரண்டையும் விரைவுபடுத்தும்.