ஹோமோஜினைசர் வால்வு வரையும்போது இடுக்கைப் பெரிதாக்குங்கள்

பாலிலுள்ள கொழுப்பு உருண்டைகளைச் சின்னதாக உடைக்கும் ஹோமோஜினைசர் இயந்திரத்தைப் படம் போட்டு விளக்கப் போகிறீர்களா? பம்ப், குழாயெல்லாம் ஓரத்தில் சின்னதாக இருக்கட்டும். வேலை முழுக்க நடப்பது வால்வுத் தலைக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான். அது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்; அளவுப்படி வரைந்தால் வெறும் கோடாகிவிடும். அதனால் வெட்டுத் தோற்றம் ஒன்று, பக்கத்தில் வட்டத்துக்குள் இடுக்கை மட்டும் பெரிதாக்கி இன்னொன்று. ‘அளவுப்படி அல்ல’ என்று கட்டாயம் எழுதுங்கள்.

இடுக்குக்கு முன்னால் அழுத்தம் சுமார் 200 பார், அங்கே அடர்நிறம். தாண்டியதும் வெளிர்நிறம். அப்புறம் அம்புகள்: இடுக்கில் பால் வினாடிக்கு 100 மீட்டருக்கும் மேல் பாய்கிறது, அங்கே நீளமாக்குங்கள். கொழுப்பு உருண்டைகள், இடுக்குக்கு வெளியே சுற்றியிருக்கும் மோதல் வளையத்தில் இடித்து உடைவதாகப் பலர் வரைகிறார்கள். உண்மையில், இடுக்கைவிட்டுப் பீறிடும் இடத்துச் சுழல்தான் அவற்றைப் பெரும்பாலும் பிய்க்கிறது. சுழல்கோடுகளை அங்கேயே போடுங்கள்.