ஒரு விண்மீன் திரளை எக்செல்லில் எடை போடுவது எப்படி?

கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாமல், ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள்) உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை ஈர்ப்பு விதியைத்தான் திருத்த வேண்டுமா என்று என் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். நான் பதில் சொல்வதைவிட அவளே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது. மறுநாள் பள்ளிக் கணினி முன் உட்கார்ந்தோம். அதே வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘ஸ்பார்க்’ தரவுத் தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். லெல்லி, மெக்காஃப், ஷோம்பர்ட் மூவரும் 2016இல் வெளியிட்டது. 175 திரள்களின் சுழற்சி வேகங்கள் அதில் இருக்கின்றன. அதில் என்ஜிசி 3198ஐ எடுங்கள். சப்தரிஷி மண்டலத் திசையில், சுமார் 4.5 கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பது. நன்றாகச் சாய்ந்து தெரிவதால் அதன் வேக அளவை நம்பலாம். நமக்கு நேராக முகம் காட்டும் திரள் வேண்டாம். சாய்வுக் கோணத்தில் சின்னப் பிழை இருந்தாலும் வேகம் எங்கோ போய்விடும்.

ஒவ்வொரு வரியிலும் ஆரம் (கிலோபார்செக்கில்; ஒன்று சுமார் 3,260 ஒளியாண்டு), அளந்த வேகம் (நொடிக்குக் கிலோமீட்டர்), அப்புறம் வாயுவும் விண்மீன் வட்டும் தனித்தனியே தரக்கூடிய வேகங்கள் இருக்கும். இவற்றை அப்படியே கூட்டக் கூடாது. வேகத்தின் வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். வட்டின் வர்க்கத்தை 0.5ஆல் பெருக்குங்கள். விண்மீன்களின் ஒளியிலிருந்து நிறையைக் கணிக்கும் எண் அது. முழுக் கணக்கிலும் நான் அதிகம் கவலைப்படும் இடமும் அதுதான்: 0.3 வைத்தும் 0.7 வைத்தும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று புரியும். இன்னொன்று: சில திரள்களில் வாயுவின் வேகம் மைனஸில் இருக்கும். அது அச்சுப் பிழை இல்லை. நடுவில் வாயு குறைவாக இருந்தால் வெளியே உள்ள வாயு வெளிப்பக்கம் இழுக்கிறது. அதனால் வர்க்கத்துக்கும் அந்த மைனஸையே போடுங்கள்.

சரி, இப்போது வரைபடம் போடுங்கள். தெரியும் பொருளின் கோடு (அந்தக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலம்) வெளியே போகப் போக இறங்கும். அளந்த வேகமோ 150ஐ ஒட்டியே நிற்கும். 30 கிலோபார்செக்கில் 150இன் வர்க்கத்தை 30ஆல் பெருக்கி 0.0000043ஆல் (நம் அலகில் ஈர்ப்பு மாறிலி) வகுத்தால், அங்கே தேவைப்படும் நிறை கிடைக்கும்: சுமார் 15,700 கோடி சூரியன்கள். கண்ணுக்குத் தெரிவது மூவாயிரத்துச் சொச்சம் கோடிதான். மாணவி இந்த எண்ணை இரண்டு முறை சரிபார்த்தாள்.

கரும்பொருள் வழியில், இந்த மீதியை நிரப்ப திரளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கரும்பொருள் கோளத்தைச் (ஹேலோ) சேர்க்க வேண்டும். அதில் நாம் திருப்பக்கூடிய குமிழ்கள் இரண்டு: அளவு, அடர்த்தி. கோடு பொருந்திவிடும், ஆனால் இரண்டு குமிழ் இருந்தால் பொருந்துவது அவ்வளவு கஷ்டமில்லை.

இன்னொரு வழி, ஈர்ப்பு விதியையே திருத்துவது. மில்க்ரோம் 1983இல் சொன்ன இந்த மாண்ட் வழியில் எல்லாத் திரளுக்கும் ஒரே முடுக்க மாறிலிதான். நம் அலகில் சுமார் 3,700. தெரியும் பொருளின் வேக வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் முடுக்கம். அதை 3,700ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். அந்த எண்ணுக்கு மைனஸ் போட்டு எக்ஸ்பொனென்ஷியல் கண்டு, 1இலிருந்து கழியுங்கள். முடுக்கத்தை இந்த விடையால் வகுத்தால் மாண்ட் கணிக்கும் முடுக்கம். ஆரத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம்.

என்ஜிசி 3198இன் கோடு எவ்வளவு ஒட்டினாலும் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். பல திரள்கள் சேர்ந்த கொத்துகளில் மாண்ட் போட்ட பிறகும் நிறை போதவில்லை; ஒற்றைத் திரள்களில் அது காட்டும் ஒழுங்குக்குக் கரும்பொருள் தரப்பும் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

அடுத்து டிடிஓ 154ஐ எடுங்கள். சின்னத் திரள், பெரும்பகுதி வாயுதான். அதில் அந்த 0.5ஐ எப்படி மாற்றினாலும் கோடு அதிகம் நகராது. எங்கள் தாளில் இப்போது அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.