படம் மட்டும் போதாது: பாட்டுச் சொல்லித் தந்தவர்களின் சத்தத்தை எடுத்து வைப்பது எப்படி

தமிழிசையை ஆராய்ந்த சுவாமி விபுலாநந்தருக்கு மட்டக்களப்புக் கல்லடியில் சமாதி இருக்கிறது, அவர் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, பழந்தமிழ் இசை பற்றி அவர் எழுதி 1947இல் வெளிவந்த யாழ் நூல் இன்னும் கையில் கிடைக்கிறது. உங்களுக்கு மத்தளத்தில் கைவைக்கப் பழக்கிய கூத்து ஆசான் அண்ணாவியாருக்கோ, அம்மன் சடங்கில் உடுக்கடித்துக் காவியம் பாடிய பெரியவருக்கோ, ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி உங்களை முதன்முதலாகப் பாடவைத்த சங்கீத ரீச்சருக்கோ அப்படி ஒன்றும் இல்லை. அவர்களை வைத்திருக்க வேண்டியது நீங்களும் நானும்தான்.

நம் பக்கத்தில் ஒருவர் போனால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் அடிக்கிறோம். அதில் படம் இருக்கும், தேவாரம் இருக்கும், பிள்ளைகள் மருமக்கள் பெயரெல்லாம் இருக்கும். ஆனால் அவர் பாடினால் எப்படி இருக்கும், அடுத்தவருக்கு எப்படிப் பழக்கினார் என்று ஒரு வரி இருக்காது. ஆகவே ஆள் இருக்கும்போதே தொடங்குங்கள், போனபிறகு தேடினால் கிடைப்பது ஒரு கலியாண வீட்டுப் படத்தின் மூலையில் பாதி முகம்தான்.

முதலில் ஒரு கொப்பியில் பெயர்களை எழுதுங்கள். பெரிய வித்துவான்களின் பட்டியல் வேண்டாம், உங்களைப் பாட்டின் பக்கம் திருப்பிவிட்டவர்கள் மட்டும் போதும். கூத்து என்றால் அண்ணாவியாரோடு பிற்பாட்டுக்காரரையும் சேருங்கள். கலியாணத்துக்கு வயலின் வாசித்த பறங்கியர் வீட்டு மாமா, றபான் தட்டிப் பாடிக்கொண்டு தெருவால் வந்த பக்கீர் பாவா, வயலில் கவி சொன்ன அக்கரைப்பற்றுப் பெரியம்மா, யாராக இருந்தாலும் எழுதுங்கள். பெயருக்குக் கீழே 'சிறந்த கலைஞர், பண்பானவர்' என்று எழுதாதீர்கள், அதை யாரைப் பற்றியும் எழுதலாம். கூத்தாடும் களரி எந்த வளவில் போட்டது, கூத்து வடமோடிப் பாணியா தென்மோடிப் பாணியா, உங்களுக்கு என்ன வேஷம், எந்த வரியில் பிழைவிட்டால் மத்தளத்தை நிறுத்துவார், அவர் யாரிடம் பழகினார் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து விடவேண்டாம். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் நம் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனதை எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காலில் வைத்திருந்த அண்ணாவிமாரின் பெயரைக் கேட்டால் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

பிறகு பதிவு. இதற்கு ஸ்டூடியோ தேவையில்லை, போன் போதும். ஆனால் ஒரு கூத்துக்காரரைத் தனியாகக் கதிரையில் இருத்திப் பாடுங்கள் என்றால் பாட்டு வராது, மத்தளக்காரரையும் பிற்பாட்டுக்கு இரண்டு பேரையும் பழைய கூத்துக் கொப்பியையும் கொண்டு போங்கள், அப்போதுதான் அவருக்கு உடம்பில் ஏறும். போனை மத்தளத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் குரல் உடைந்துபோகும். ஐந்தாறு அடி தள்ளி, மடித்த துவாயின்மேல், பாடுபவர் பக்கமாக வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், போனை விமான நிலையில் போடுங்கள், அரை நிமிடம் எடுத்துக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். திகதி, ஊர், பெயர் மூன்றையும் நீங்களே முதலில் வாயால் சொல்லுங்கள். தாளக்கட்டை, அதாவது தாளச் சொற்களை, அவர் வாயால் ஒருதரம் ஆறுதலாகச் சொல்லட்டும், மறுகா மத்தளத்தில். பாட்டுக்கு இடையில் கதைக்கும்போது பதிவை நிறுத்தவே வேண்டாம், விலைமதிப்பில்லாத விஷயமெல்லாம் அங்கேதான் வரும்.

ஆள் ஏற்கெனவே போய்விட்டாரா? அப்படியென்றால் கசெற் தேடுங்கள். எந்த வீட்டிலாவது அரங்கேற்றத்தன்று எடுத்த கசெற் அலுமாரிக்குள் கிடக்கும், ஆனால் வாவிக்கரை ஈரத்துக்கு நாடா நல்லபடி இருக்காது. வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் ஓடவிடவே கூடாது, பிளேயருக்கும் மற்றக் கசெற்றுகளுக்கும் பரவிவிடும். அதைத் தனியே பையில் போட்டுத் துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பற்களையும் உடைத்துவிடுங்கள், தவறுதலாக மேலே பதிவாகாது. பிளேயரின் ஹெட்டைப் பஞ்சில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்டுத் துடைத்துக் காயவிட்டு, நாடாவை முழுதாக முன்னும் பின்னும் ஒருதரம் சுற்றிவிட்டு, ஹெட்போன் துளையிலிருந்து வயரைக் கணினிக்குக் கொடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் எடுங்கள். வேவ் கோப்பாக, 44.1 கிலோஹேட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும், 60 நிமிடக் கசெற்றுக்கு 600 எம்பி. இரைச்சல் இருந்தாலும் அந்த முதல் கோப்பில் கைவைக்காதீர்கள், துப்புரவாக்கும் வேலையெல்லாம் பிரதியில். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டொக்கியூமென்டாக அனுப்புங்கள். கோப்புக்கு ஆண்டு, ஊர், பெயர் வைத்துப் பெயரிடுங்கள்.

பிரதி குறைந்தது மூன்று, அதில் ஒன்று வேறு ஊரில். இதை நம் கரையில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: 1978 நவம்பர் சூறாவளி, பிறகு யுத்தம், பிறகு 2004 டிசம்பர் 26. கல்லடியிலும் கல்முனையிலும் பாண்டிருப்பிலும் கடல் வந்தபோது வீட்டோடு படமும் கொப்பியும் சேர்ந்தே போயின. ஒன்று உங்களிடம், ஒன்று அவர் வீட்டில், ஒன்று கடலுக்குத் தூரத்தில் இருக்கும் சொந்தக்காரரிடம். ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுக்கலாம், ஆனால் குடும்பத்தின் சம்மதம் எழுத்தில் இருக்கவேண்டும்.

சம்மதம் என்றதும் இன்னொன்று. கண்ணகி அம்மன் சடங்கில், குறிப்பாகச் சடங்கு முடியும் குளிர்த்தி அன்று, பாடப்படுவதையெல்லாம் போனில் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். பூசை செய்யும் கட்டாடியார் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பாடியவர் பெயரையும் எத்தனை வருடமாகப் பாடுகிறார் என்பதையும் மட்டும் எழுதி வையுங்கள். மற்றவர்களிடம், இதை வைத்திருக்கலாமா, பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா என்று பதிவிலேயே கேளுங்கள். எல்லாம் முடிந்ததும் முதல் ஆளாக அவருக்கே போட்டுக் காட்டுங்கள். இந்தத் தரு (கூத்துப் பாட்டு) பிழையாகப் போய்விட்டது, திரும்ப எடு என்பார். அன்றைக்கே திரும்ப எடுங்கள், பழையதையும் அழிக்காதீர்கள்.