ரோபோட்டிக்ஸ் கிளப்புக்கு வழிகாட்டியாகப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பள்ளி ரோபோட்டிக்ஸ் கிளப்புக்கு உதவப் போகிறவர்களில் பலர் என்னைப் போல இன்ஜினியர்கள். வேலை தெரிந்தவர்கள். அதனாலேயே ஒரு தவறு எளிதாக நடந்துவிடுகிறது. பையன் ஒயரை மாற்றிச் சொருகுவதைப் பார்த்ததும் "இங்க கொடுப்பா" என்று கை நீண்டுவிடும். இரண்டு நிமிடத்தில் ரோபோ ஓடும். ஆனால் அடுத்த வாரம் அதே கோளாறு வந்தால், நீங்கள் வரும்வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

நான் போகும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக் குழு ஒன்று லைன் ஃபாலோயர், அதாவது தரையில் போட்ட கோட்டைப் பார்த்து ஓடும் ரோபோ, செய்தது. மோட்டார் சுற்றத் தொடங்கியதும், ரோபோவை இயக்கும் ஆர்டுயினோ போர்டு அணைந்து, மறுபடி எரியும். பார்த்ததுமே எனக்குக் காரணம் தெரிந்தது. அவர்கள் போட்டிருந்தது சின்ன 9 வோல்ட் பேட்டரி. வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் மாதிரி கொஞ்சமாக மின்சாரம் இழுக்கும் பொருளுக்கு அது போதும். இரண்டு மோட்டார் சேர்ந்து இழுத்தால் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகிவிடும். நான் சொல்லவில்லை. மல்டிமீட்டரைக் கொடுத்து, "மோட்டார் நிற்கும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு? எழுதிவையுங்கள்" என்றேன். நாற்பது நிமிடம் ஆனது. கடைசியில், நோட்டு எழுதிக்கொண்டிருந்த மாணவிதான் "சார், பேட்டரியால தாங்க முடியல!" என்றாள். எண்கள் அவள் கண்முன் இருந்தன.

அவள் ஏன் நோட்டு எழுதிக்கொண்டிருந்தாள்? அங்கேதான் என் தவறும் இருந்தது. வேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கினால், ஸ்க்ரூடிரைவரும் லேப்டாப்பும் பையன்களிடம் போய்விடும். நோட்டும் சார்ட்டும் பெண்பிள்ளைகளுக்கு வந்துவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வாரம் ஒருமுறை வேலையை மாற்றிக் கொடுங்கள். அடுத்த வாரம் ஒயரிங் அவளுடையது.

கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாத இடமும் உண்டு. லித்தியம் பேட்டரி விஷயத்தில் யோசிக்காமல் குறுக்கே போங்கள். சாதாரண லித்தியம் அயான் செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடவும் கூடாது. உப்பிய பேட்டரியை அன்றே ஒதுக்குங்கள். சார்ஜில் போட்டுவிட்டு லேபைப் பூட்டிக்கொண்டு போகவே கூடாது. சால்டரிங் அயர்ன் முனை 300 டிகிரியைத் தாண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அப்புறம், லேப் சாவி வைத்திருக்கும் ஆசிரியர். நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. ஆனால் சென்சார் ஒன்று காணாமல் போனால் ஸ்டாக் ரெஜிஸ்டரில் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஆசிரியர்தான். அவரைத் தாண்டிக்கொண்டு நேராகப் பிள்ளைகளிடம் போவது பெரிய தவறு. முதல் நாளே அவருடன் உட்கார்ந்து, எது உடைந்தால் பரவாயில்லை, எதை எண்ணி வாங்கி வைக்க வேண்டும் என்று பேசிவிடுங்கள். வகுப்பு நடக்கும்போது அவரோ இன்னொரு ஆசிரியரோ கூடவே இருக்கட்டும். மாணவர்களுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பாதீர்கள். ஆசிரியர் இருக்கும் குழுவில் மட்டும் பேசுங்கள்.

போட்டிக்கு முன்னால் லேபுக்குள் மட்டுமே ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். இன்ஃப்ராரெட் ஒளியால் கோட்டைக் கண்டுபிடிக்கும் ஐஆர் சென்சார் ட்யூப்லைட் வெளிச்சத்தில் சரியாக வேலை செய்யும், ஜன்னல் வெயில் பட்டால் குழம்பும். வெயிலிலும் இன்ஃப்ராரெட் இருக்கிறதே. வராண்டாவில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், போட்டி நடக்கும் இடத்தில் சென்சார் மதிப்பை மறுபடி அளந்து மாற்ற வேண்டும் என்பது அவர்களுக்கே புரிந்துவிடும்.

வாரா வாரம் வருவேன் என்று ஆர்வத்தில் சொல்லிவிடாதீர்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை தவறாமல் வர முடிந்தால் அதுவே போதும். பொதுத்தேர்வு நெருங்கும்போது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். வர முடியாத வாரம் என்றால் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஆசிரியருக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டு பஸ் மாறி வந்து லேப் வாசலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.